கடைசிக் கதவின் வரி

தங்கை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பெரியவள் கேட்ட கேள்வியை வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "இத எப்பத் திருப்பிக் குடுக்கணும்?" என்றாளாம். அப்போது அவளுக்கு மூன்று வயது. இப்போது கல்லூரியில் கடைசி வருடம். அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதுதான் அவள் குறை.

சின்னவள் கெட்ட பெண்ணாக இருந்து தொலைத்திருந்தால் பெரியவளுக்குப் பாதி வேலை மிச்சம். அவள் அப்படி இல்லை. கேட்டால் எதையும் கொடுத்துவிடுவாள், கேட்காமல் எடுத்தாலும் பேசாமல் இருப்பாள். பெரியவள் மாதக்கணக்கில் தொண்டை கட்டப் பழகி ஒரு பாட்டைப் பாடினால், அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே சின்னவள் அதையே இன்னும் இனிமையாக முணுமுணுப்பாள். தான் பாடுகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவளை எதைச் சொல்லித் திட்டுவது? வயிறெரிந்து வயிறெரிந்து அலுத்துப்போன பெரியவள், கடைசியில் தங்கை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு துறையாகத் தேடிப் பிடித்தாள். வீடியோ கேமை ஐந்து நிமிடம் பார்த்தால் சின்னவளுக்குத் தலை சுற்றும். ஆகவே அக்கா வீடியோ கேம் செய்கிற படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன என்று அவள் சொல்வாள். இருக்கலாம்.

கடைசி வருடத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு விளையாட்டைச் செய்து கல்லூரிக் கண்காட்சியில் வைக்க வேண்டும். பெரியவளின் குழுவில் நான்கு பேர். புரோகிராம் எழுதுகிறவள் செமிகோலன். முதல் வருடத்தில் ஒரு செமிகோலனை எங்கோ விட்டுவிட்டு, அதைத் தேடித் துறை முழுவதையும் தூங்க விடாமல் அடித்ததால் வந்த பெயர். படம் வரைகிறவன் பென்சில், ஆளும் அப்படித்தான். ஒலிப்பதிவு செய்கிறவன் உஷ். மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் அவன் வாயில் வேறு சொல் வராது. கதை பெரியவளுடையது. அங்கே அவளுக்கு வைத்த பெயர் டைரி. அதற்கும் காரணம் இருந்தது.

அவர்கள் செய்தது திகில் விளையாட்டு. பெயர் 'மீட்டர்'. விஷயம் வீட்டிலிருந்து வந்ததுதான். அம்மா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தாள். அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, முட்டி வலியோடு வீட்டுக்கு வந்து, எந்த வீட்டில் யார் என்ன சாக்குச் சொன்னார்கள் என்று சாப்பிடும்போது சொல்வாள். ஆளே இல்லாத கட்டிடத்தில் மீட்டர் ஓடினால்? அவ்வளவுதான் யோசனை. விளையாடுகிறவர் மீட்டர் பார்க்கும் பெண்ணாக அந்தக் காலிக் கட்டிடத்துக்குள் போக வேண்டும். மாடிக்கு ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தண்ணீர் விழுகிற சத்தம்.

இதற்குப் பெரியவள் எழுதிய பின்கதையை அச்செடுத்தால் ஒரு கட்டு தேறும். அங்கே இருந்த குடும்பம் எது, மூத்த மகன் ஏன் ஓடிப்போனான், அவன் மாமனாருக்கு வியாபாரத்தில் என்ன அடி விழுந்தது, எல்லாம் உண்டு. அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு டைரியின் பக்கங்களாக மாடிதோறும் தரையில் போட்டு வைத்திருந்தாள். விளையாடுகிறவர் பொறுக்கிப் பொறுக்கிப் படிக்க வேண்டும். மாமனாருக்கு விழுந்த அடி பேய்க்கு எதற்கு என்று பென்சில் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டான். அவனோடு அவள் அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

செய்ததைச் சோதித்துப் பார்ப்பதில் அந்தக் குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியாள் ஒருவரை உட்கார வைப்பார்கள். அவர் மனதில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விளையாடுவார். செய்தவர்கள் பக்கத்தில் வரிசையாக நின்று, திரையை விட்டுவிட்டு விளையாடுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கே முகம் மாறுகிறதோ அங்கேதான் விளையாட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவர் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும்.

வந்தவர்கள் எல்லாரும் டைரிப் பக்கத்தை எடுத்தார்கள், ஒரு பார்வை பார்த்தார்கள், தாண்டிப் போகிற பொத்தானை அமுக்கினார்கள். முகம் அசையவே இல்லை. ஒருத்தன் எடுப்பதற்கு முன்பே அமுக்கப் பார்த்தான். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் போனதும், படிக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கூட்டிவரக் கூடாதா என்று மற்ற மூவர் மேலும் பாய்வாள்.

கேம் பழக்கமே இல்லாத ஒரு ஆள் வேண்டும் என்று செமிகோலன் சொன்னது அதனால்தான். பழகினவர்கள் எல்லாவற்றையும் தாண்டுவார்கள், புதிதாக வருகிறவர் பயபக்தியோடு படிப்பார் என்பது அவள் கணக்கு. பெரியவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னவளும் அவளேதான். பிற்பாடு இதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டதற்குக் கணக்கில்லை.

சின்னவள் தன் வகுப்பு முடிந்து, கணக்கியல் புத்தகப் பையோடு நேராக வந்தாள். எந்த விரலை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டாள். சுவரில் முட்டினாள், தலை சுற்றுகிறது என்று நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டாள். மாடிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினாள். பெரியவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் இனித்தது. முதல் டைரிப் பக்கம் கிடைத்ததும் சின்னவள் இரண்டு வரி சத்தமாகப் படித்தாள். யாரோ பாவம் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"முழுசாப் படிடி" என்று பெரியவள் வாயைத் திறந்துவிட்டாள். மூன்று பேரும் ஒரே குரலில் டீ என்றார்கள்.

பாதி மாடி ஏறியதும் சின்னவள் ஒரு கதவைத் தட்டினாள். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மறுபடி தட்டினாள். அப்போதும் விழுந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"உள்ள ஆள் இருந்தா, தட்டினதும் குழாய மூடிட்டுக் காதக் குடுப்பாங்கல்ல?" என்றாள். "இது பாட்டுக்கு ஊத்துது. அப்ப உள்ள யாரும் இல்ல. எனக்கு ஏன் பயமா இருக்கணும்?"

செமிகோலன் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து ஏதோ மாற்றினாள். சின்னவள் திரும்ப வந்து தட்டினாள். இந்த முறை தண்ணீர் சட்டென்று நின்றது. சின்னவள் விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். எத்தனையோ தடவை அந்தக் கதவைத் தன் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய பென்சில் ஒரு அடி பின்னால் போனான். மாமனாரையும் மருமகனையும் வைத்து மாதக்கணக்கில் வராத பயம் ஒரு குழாயை மூடினதும் வந்துவிட்டது.

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் பார் என்கிறாள் என்று பெரியவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சின்னவளும் அங்கே வரத் தொடங்கினாள். பெரியவள் கூப்பிடவில்லை, மற்றவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே தன் பாடத்தைப் படிப்பாள். நடுவில் தலையைத் தூக்கி எதையாவது சொல்வாள். மாடிப் படிக்கட்டில் விளக்கு அணைவதைவிட, மேலே ஏற ஏற நமக்கு முன்னால் விளக்கு எரிந்தால் என்ன என்பாள். உஷ் ஆஹா என்பான். செமிகோலன் உடனே அதைச் செய்து பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்ப்பாள். அக்கா அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஏதாவது முக்கியமானதைக் கவனித்துக்கொண்டிருப்பாள்.

கடைசிக் கதவுதான் எல்லாருடைய மண்டையையும் குடைந்தது. அங்கே தண்ணீர் நின்றபின் உள்ளேயிருந்து ஒரு குரல் வர வேண்டும், குரல் முடிந்ததும் கதவு திறக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. குரல் என்ன சொல்வது? பெரியவள் அலறல் வைத்தாள். அழுகை வைத்தாள். மூத்த மகனின் நீண்ட மன்னிப்பைக்கூட வைத்தாள், அது முடிவதற்குள் உஷ்ஷுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அப்போது சின்னவள் மூலையிலிருந்து, அக்கம்பக்கத்தில் யாரோ அலுத்துக்கொண்டு பேசுவது போன்ற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"நேத்து மீட்டர் பாக்க வந்தவங்க இன்னும் கிளம்பல. நீங்களும் உள்ள வாங்க."

செமிகோலன் புல்லரித்த கையைத் தடவிக்கொண்டாள். உஷ் மைக்கைக் கொண்டுவந்து சின்னவள் முன்னால் வைத்தான். அவள் குரலிலேயே பதிந்தார்கள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

முந்தின நாள்தான் அம்மா சொன்னாள், ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே 'நேத்துதான் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரே' என்று துரத்திவிட்டார்கள் என்று. அதே மேசை, அதே சாப்பாடு, அதே அம்மா. பெரியவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் அது அம்மாவின் புலம்பலாக மட்டும் விழுந்தது. கதை எழுதுகிறவள் அவள், கேட்டவள் தங்கை. அந்த வரி எனக்கு வந்திருக்கக் கூடாதா, எனக்கு வந்திருந்தால் யார் குடியா கெட்டிருக்கும் என்று நெஞ்சு காந்தியது. அந்த வாரம் முழுக்க என்ன செய்தாலும் அந்த வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பல் தேய்க்கும்போதுகூட.

இதோடு போயிருந்தால் வழக்கமான எரிச்சலாக அடங்கியிருக்கும். கண்காட்சிக்கு ஒரு பெரிய விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வரப்போகிறார் என்றும், கதை எழுதுகிறவர்களில் ஒரே ஒருவருக்குப் பயிற்சி வேலை கொடுப்பார் என்றும் செய்தி வந்தது. பெரியவள் முதல் வருடத்திலிருந்து காத்திருந்தது இதற்குத்தான். கதை எழுதினால் யாராவது வேலை கொடுப்பார்களா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்த அப்பாவுக்கு அவள் மனதுக்குள் எத்தனையோ விதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் செமிகோலன் முகப்புத் திரையைக் காட்டினாள். கதை என்று போட்டு அதன் கீழே இரண்டு பெயர். அகர வரிசையில் போட்டிருந்ததால் தங்கையின் பெயர் மேலே.

சின்னவளுக்கும் போடுவதுதானே முறை என்று செமிகோலன் கேட்டாள். போடுங்கள், எனக்கென்ன என்று பெரியவள் சொன்னாள். அதைச் சொன்ன குரலைக் கேட்டு பென்சில் தன் பென்சிலைச் சீவப் போய்விட்டான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் மற்ற எல்லாரும் மேசை தூக்கப் போயிருந்தார்கள். பெரியவள் மட்டும் அறையில் இருந்தாள். விளையாட்டில் பேசப்படுகிற ஒவ்வொரு வரியும் ஒரு அட்டவணையில் வரிசையாக இருக்கும். ஒரு கட்டத்தைக் காலி செய்துவிட்டால் அந்த இடத்தில் யாரும் பேச மாட்டார்கள். அந்த அட்டவணை முழுக்க அவள் பொறுப்பில்தான் இருந்தது. கடைசிக் கதவின் கட்டத்துக்குப் போனாள். ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள். காலி செய்தாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான். குரல் இருக்காது, கதவு சப்பென்று திறந்துகொள்ளும். உள்ளே தரையில் டைரியின் கடைசிப் பக்கம் மட்டும் கிடக்கும். வந்தவருக்குப் பார்க்க வேறு ஒன்றுமே இல்லாதபோது படித்துத்தானே ஆக வேண்டும்? ஏதோ தவறி அழிந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மறுநாள் சாயங்காலம் திரும்பப் போட்டுவிட்டால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

எழுதுகிறவர்கள் தங்கள் வரிக்குப் பின்னால் இயந்திரம் என்ன செய்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வதில்லை. பெரியவளும் கேட்டதில்லை. குரல் முடிந்தது என்ற சமிக்ஞை வந்தால்தான் கதவு திறக்கும்படி செமிகோலன் செய்திருந்தாள். என்றைக்காவது சமிக்ஞை வராமல் விளையாட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, நன்றாகப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவு தானாகத் திறக்கவும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள்.

கம்பெனி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டைரிப் பக்கங்களை ஒன்று விடாமல் தாண்டினார். மற்ற கதவுகளில் தண்ணீர் நின்றபோது புருவத்தைத் தூக்கினார், அவ்வளவுதான். எத்தனையோ திகில் விளையாட்டுகளைப் பார்த்துச் சலித்த முகம். நான்கு பேரும் வழக்கம்போல் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் சின்னவள்.

கடைசிக் கதவு. தட்டினார். தண்ணீர் நின்றது. குரல் வரவில்லை.

கதவும் திறக்கவில்லை. செமிகோலனின் முகம் வெளுத்துவிட்டது. வந்தவர் காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார். நாற்காலியில் முன்னால் நகர்ந்து, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார்.

"யாரு?" என்று அவரே மெதுவாகத் திரையைப் பார்த்துக் கேட்டார்.

அப்போது கதவு திறந்தது. நாற்காலி பின்னால் உதைபட்டு பென்சிலின் முட்டியில் மோதியது. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தரையில் கிடந்த கடைசிப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

மற்றவர்களாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு குரலை வைத்துக் கெடுத்திருப்பார்கள் என்றார். இது யாருடைய யோசனை என்று கேட்டார். செமிகோலன், அது வந்து என்று இழுத்தாள்.

"அக்காவோடதுங்க" என்றாள் சின்னவள். "மொதல்ல குரல் இருந்துச்சு. அக்காதான் வேண்டாம்னு எடுத்துட்டா."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வந்தவர் பெரியவள் பக்கம் திரும்பினார். "நல்ல குரலா?" என்று கேட்டார். நல்ல குரல்தான் என்று பெரியவள் சொல்ல வேண்டியிருந்தது. "அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

பெரியவள் பேசினாள். அவளே எதிர்பார்க்காத அளவுக்குக் கோவையாகப் பேசினாள். உள்ளே இருப்பது பேசிவிட்டால் அது இன்னாரென்று தெரிந்துவிடும், பேசாமல் இருந்தால் விளையாடுகிறவர் தன் பயத்தையெல்லாம் எடுத்து அந்த இடத்தில் நிரப்புவார், அதைவிடப் பெரிய வரியை எவராலும் எழுத முடியாது என்றாள். சொல்லச் சொல்ல, அது உண்மைதான் என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எழுதத் தெரிந்தவர்கள் நிறையக் கிடைக்கிறார்கள், நன்றாக இருப்பதை எடுக்கத் தெரிந்தவர்தான் கிடைப்பதில்லை என்று சொல்லி, அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். உஷ்ஷும் பென்சிலும் கை தட்டினார்கள். செமிகோலன் தட்டவில்லை. அவள் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு, பெரியவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை மூடினாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். சின்னவள் ஜன்னலோரம். வழக்கமாக அந்த இடத்துக்குச் சண்டை போட்டு வாங்குகிற பெரியவள் அன்று கேட்கவில்லை. அப்பாவுக்குச் சொல்ல வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் இருக்கிறவள் ஒரு வார்த்தை கோபித்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கும். அவள் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். விட்டுக்கொடுப்பதைக்கூட இவள் எவ்வளவு சுளுவாகச் செய்துவிடுகிறாள், இதுவும் எனக்கு வராது என்று அப்போதும் பெரியவளுக்கு வயிறெரிந்தது.

பொறுக்க முடியாமல் அவளே ஆரம்பித்தாள். நான்தான் எடுத்தேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"குரல் வரலன்னதும் எல்லாரும் அவங்க மூஞ்சியப் பாத்தாங்க" என்றாள் சின்னவள். "நீ என் மூஞ்சியப் பாத்த."

பெரியவள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை இறக்கி, மறுபடி கிளம்பியது.

"அவங்ககிட்ட நீ சொன்னதெல்லாம் சரிதான்க்கா. கதவு அப்படித்தான் நல்லா இருக்கு. நெஜமா ஏன் எடுத்த?"

மத்தியானம் சொன்ன பதில் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. பெரியவள் அதை விழுங்கினாள்.

"அந்த வரி நல்லா இருந்துச்சு" என்றாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு. என்னால தாங்க முடியல."

சின்னவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. அவள் அழுது பெரியவள் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"எல்லாரும் சொன்னாங்க, நீ சொல்லல" என்றாள். "இத நீ எப்பச் சொல்லுவன்னுதான் நான் தெனமும் அங்க வந்து உக்காந்திருந்தேன்."